கரண்ட் இருந்தால்தான் கரண்ட்

என் அக்காவுக்கு வெயில் ஆகாது. இந்த ஊரில் இருந்துகொண்டு வெயில் ஆகாது என்பது, மீனுக்குத் தண்ணீர் ஆகாது என்பதைப் போலத்தான். இங்கே வானத்தில் மேகத் துண்டைப் பார்த்தால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவோம். மொட்டை மாடியில் துணி காயப் போட்டால், கடைசித் துணியை உதறுவதற்குள் முதல் துணி விறைத்துக்கொண்டு நிற்கும்.

அவளுக்கு வெயில் மேல் இருந்தது வெறும் சலிப்பு இல்லை, பகை. அவள் புருஷனை அது கேட்டுக்கொண்டிருந்தது.

மாமா துணிக்குச் சாயம் போடும் ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஒரு நாள் வால்வு பிய்த்துக்கொண்டு நீராவி அவர் மேல் பாய்ந்தது. முகம் தப்பியது. கழுத்திலிருந்து முழங்கால் வரை வெந்து போனார். தொடையில் மிச்சமிருந்த நல்ல தோலை உரித்து நெஞ்சில் ஒட்டி, முதுகில் ஒட்டி, ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்து பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோல் கூடிடும்மா. ஆனா அந்தத் தோல்ல வேர்வை வராது."

"நல்லதுதானே டாக்டர். துவைக்கிற வேலை மிச்சம்," என்றாள் அக்கா. அவள் அப்படித்தான். பயந்தால் வாய்தான் முந்தும்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உடம்புக்கு வேர்வைதான் ஜன்னல். இவருக்கு எல்லா ஜன்னலையும் அடைச்சாச்சு. உள்ள சூடு ஏறினா இறங்க வழி இல்ல. காத்தும் ஈரமும் எப்பவும் மேல படணும். இல்லேன்னா மூளைக்கு ஏறிடும்."

அன்றிலிருந்து அவள் வாழ்க்கை ஓர் அறைக்குள் வந்து நின்றது. மூன்று மாடிக் கட்டடத்தில் மேல் மாடி. தளத்துக்கு மேலே நேரே வெயில். கட்டிலில் மாமா, கால்மாட்டில் தண்ணீர் ஊற்றி ஓடும் கூலர், ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மிஷின். மெத்தைக் கடைகளுக்கு உறை தைத்துக் கொடுப்பாள். மிதிக்கும்போதும் ஒரு கண் கட்டில் மேல் இருக்கும். மாமாவின் கன்னம் சிவந்தால் எழுந்து போய் ஈரத் துண்டைப் போர்த்துவாள். காய்ந்தால் மறுபடி நனைப்பாள். தூங்குகிறவரைத் தொட்டுப் பார்த்தே அவள் உள்ளங்கை தெர்மாமீட்டர் ஆகிவிட்டது.

நான் மின்சார வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்து வரவில்லை, கம்பம் ஒத்து வந்தது. மாமாவுக்கு அதில் ஒரு கிண்டல்.

"ஊருக்கே வெளிச்சம் குடுக்கிறான் எங்க மாப்ள. எனக்கு ஒரு ஃபேனு சுத்த வழி இல்ல."

சொல்வதில் நியாயம் இருந்தது. வெயில் ஏற ஏற ஊரே ஏசியைப் போடும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் கக்கும். நாங்கள் லைனை நிறுத்திவிட்டு ஏறுவோம். சூடு உச்சத்தில் இருக்கிற மத்தியானம்தான் கரண்ட் போகும். அதை நிறுத்துகிற கை பல நாள் என்னுடையதாகவே இருக்கும்.

வீட்டில் ஒரு பழைய இன்வெர்ட்டரும் கிழட்டு பேட்டரியும் இருந்தன. கூலரைப் போட்டால் கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் படுத்துவிடும். அப்போதுதான் மாடியில் சோலார் போடும் கம்பெனிக்காரர் தெருவுக்கு வந்தார். அக்காவின் மொட்டை மாடியில் ஏறி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அக்கா, இங்க கொட்டுற வெயில அள்ளினா தெருவுக்கே பத்தும்," என்றார்.

"தெருவுக்கு வேணாம். என் வீட்டுக்காரருக்குப் பத்துமா?"

"தாராளமா. பேட்டரி வெச்சு வேணுமா, பேட்டரி இல்லாமலா?"

அக்கா யோசித்தாள். அவள் யோசித்தது இதுதான்: "வெக்கை எப்ப? பகல்ல. சூரியன் எப்ப இருக்கு? பகல்ல. அப்புறம் பேட்டரிக்கு என்ன வேலை?"

கேட்ட எல்லாரும் சரி என்றோம். அதில் ஓட்டை இருப்பதாக யாருக்கும் படவில்லை. கம்பெனிக்காரர் கேட்டதைக் கொடுத்தார். அவள் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அவரிடமே கழித்துவிட்டாள். கை வளையல்களும் போயின. மாடியில் பலகைகள் வரிசையாக ஏறின, கருநீலமாக, வெயிலைப் பார்த்து மல்லாந்து. அவற்றின் கரண்டை வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி அறைச் சுவரில் ஏறியது.

மீட்டர் பின்பக்கமாக ஓடுவதைப் பார்க்க அவள் தினம் இரண்டு மாடி இறங்கிப் போனாள். சின்னப் பிள்ளை மாதிரி. "தம்பி, நாம வாரியத்துக்கே கரண்ட் குடுக்கிறோம்டா. உன் சம்பளத்துல என் பங்கு இருக்கு, மரியாதையா பேசு."

முதல் தடவை கரண்ட் போன மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, சோலார் ஓடல. பலகை தொட்டா சுடுது, கூலர் செத்துக் கிடக்கு."

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். "அது அப்படித்தாங்க. வெளிய கரண்ட் இருந்தாத்தான் இது கரண்ட் குடுக்கும். லைன் செத்தா இதுவும் தானா நின்னுடும். கம்பத்துல வேலை செய்யறவங்க சாகக் கூடாதுல்ல?"

அதாவது, என்னைப் போன்றவன் சாகக் கூடாது என்பதற்காக.

அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் நனைத்த போர்வை. தலைக்கு மேலே அவ்வளவு வெயில்.

"கரண்ட் இருந்தா எனக்கு எதுக்குடா இது? சோறு இருக்கிற வீட்டுக்கு மட்டும் சோறு போடுறவனா?" என்றாள். பிறகு, "பெட்டியில எதையாவது மாத்திக் குடு. உனக்குத் தெரியாததா?" என்றாள்.

"முடியாது."

"தெரியாதா, முடியாதா?"

"பண்ணினா இந்த வீட்டுக் கரண்ட் கம்பத்துக்கு ஏறும். அங்க ஒருத்தன் தொங்கிட்டு இருப்பான். அவனுக்கும் வீடு இருக்கு. நீ ஏதாவது எடக்கு முடக்கா செஞ்சேன்னு தெரிஞ்சா, உன் ஒயரை நானே வந்து வெட்டுவேன். அக்கான்னு பார்க்க மாட்டேன்."

அவள் போர்வையைப் பிழிந்தாள். சொட்டிய தண்ணீர் தரையில் விழுந்த இடத்திலேயே காய்ந்தது.

அவள் எங்கே போனாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெருமுனையில் ரேடியோ, மிக்சி பழுது பார்க்கும் ஆள் ஒருவன். ஊரில் அவனுக்கு ரிப்பேர் என்றே பெயர். கொடுத்ததையெல்லாம் ரிப்பேர் ஆக்கிவிடுவான் என்று கேலி. இந்த ஒன்றை அவன் ஒழுங்காகச் செய்தான். ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட சின்ன யூபிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அது வெளியே கரண்ட் இருப்பதாகப் பலகைகளின் பெட்டியை ஏமாற்றும். பெட்டி நம்பிக்கொண்டு ஓடும்.

"ஒண்ணே ஒண்ணுக்கா," என்றானாம். "கீழ மீட்டர் ரூம்ல மெயினை இறக்கிட்டுத்தான் இதைப் போடணும். மறந்தா கரண்ட் தெருவுக்குப் போயிடும்."

பழைய கட்டடம். வீட்டுக்குள் தனி மெயின் கிடையாது, மூன்று வீட்டுக்கும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில்தான். அவள் மறக்கவில்லை. அடுத்த இரண்டு தடவையும் கரண்ட் போனபோது இறங்கிப் போய் மெயினை இறக்கி, ஏறி வந்து பெட்டியைப் போட்டாள். தெருவே விசிறிக்கொண்டு வாசலில் நிற்க, அந்த ஓர் அறையில் மட்டும் கூலர் ஓடியது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, "யாருடி அது, கரண்ட் இல்லாத ஊர்ல காத்து வாங்குற மகாராஜா?" என்றாராம்.

கூலர் சத்தம் கீழ்த்தளத்துக்குக் கேட்டது. அங்கே பழைய பேப்பர் கிடங்கு வைத்திருப்பவர், சந்தேகத்திலேயே வளர்ந்த மனிதர். ஏற்கெனவே அவருக்கு ஒரு கணக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"என் மீட்டர் முன்னால ஓடுது. உன் மீட்டர் பின்னால ஓடுது. நடுவுல என்னம்மா நடக்குது? இப்ப ஊருக்கே கரண்ட் இல்ல, உனக்கு மட்டும் ஓடுது. எங்கிருந்து வருது, என் வயித்துல இருந்தா?"

"சூரியன்ல இருந்துண்ணே."

"எனக்கும் அதே சூரியன்தான்மா!"

மறுநாள் மீட்டர் அறைக்குப் பெரிய பூட்டு விழுந்தது. சாவி அவர் இடுப்பில். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். எதற்கு மெயினில் கை வைக்க வேண்டும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் என் காதுக்கு வரும் என்று அவள் சொல்லவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் ஒழுகி, பகுதி முழுக்க நிறுத்திவிட்டோம். மோட்டார் ஓடாததால் அக்கா வீட்டுத் தொட்டியில் இருந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் அடியைத் தொட்டது. மிச்சம் வந்ததும் டீ போடலாம் போலச் சுட்டது. நடு மாடி வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பேப்பர் கிடங்குக்காரர் பூட்டிவிட்டுச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். மாமாவின் கால்கள் மடங்கிய தோலோடு இறுகிப் போனவை. அவரைத் தூக்கிக்கொண்டு அவள் ஒருத்தி படி இறங்க முடியாது. எனக்குப் போன் அடித்திருக்கிறாள். வேலை நேரத்தில் என் போன் வண்டியில் கிடக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வேலை முடிகிற நேரம் ஆபீஸிலிருந்து, "லைன் நின்னிருக்கும்போதே அந்தத் தெருக் கடைசிக் கம்பத்தையும் பாத்துடுங்க, கிளாம்ப் எரிஞ்சிருக்கு," என்றார்கள். அது அக்கா வீட்டு ஜன்னலுக்கு எதிர்க் கம்பம். அதிலிருந்து ஒயர் போவது அவள் கட்டடத்துக்கு மட்டும். நானும் என்னோடு வேலை செய்யும் நெட்டையும் போனோம். ஏறினேன். தெருப் பக்கத்து இணைப்பைக் கழற்றி, தவறி வரும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும்படி அந்தப் பக்கத்தை எர்த் பண்ணினேன். வீட்டுப் பக்கத்தைப் பண்ணவில்லை. நாங்கள் யாரும் பண்ணுவதில்லை. கரண்ட் எப்போதும் தெருவிலிருந்துதான் வீட்டுக்குப் போகும். வீட்டிலிருந்து தெருவுக்கு வந்ததை எவன் கண்டான்?

இனிச் சொல்வது அக்கா பிறகு எனக்குச் சொன்னது.

மாமாவின் கன்னம் சிவப்பு தாண்டி வெளுக்கத் தொடங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். ஆலையில் யாரையோ வால்வைத் திருகச் சொன்னார். அவள் ஜன்னலுக்கு வந்தாள். எதிர்க் கம்பத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் பார்த்தாள். கீழே பூட்டிய அறைக்குள் மெயின் இறக்காமலே இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

போய்ப் பெட்டியைப் போட்டாள்.

கூலர் சுழன்றது. மாமாவின் தலைமுடி காற்றில் அசைந்தது. அதே நேரம் வெளியே, "டேய் நெட்டை, தூங்கிட்டியா? கட்டிங் பிளேயரை அனுப்புடா!" என்று ஒரு குரல்.

என் குரல்.

அணைத்துவிட்டாள்.

நான் கத்திய நேரம் எங்கேயோ ஒரு மோட்டார் சத்தம் எழுந்து அடங்கியது எனக்கும் கேட்டது. ஏதோ வண்டி என்று விட்டுவிட்டேன். நெட்டை கயிற்றில் கட்டி அனுப்பிய பிளேயர் வந்தது. வீட்டுப் பக்கத்து ஒயரை வெறுங்கையால் பிடித்தேன்.

கிளாம்ப் இறுகிப் போயிருந்தது. மெதுவாகத்தான் வந்தது. நெட்டையோடு வாயாடிக்கொண்டே வேலை பார்த்தேன். அவ்வளவு நேரமும் அவள் சுவிட்சுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றிருக்கிறாள். கடைசித் துண்டை நனைக்கத் தண்ணீர் இல்லாமல், குடிக்க வைத்திருந்ததை ஊற்றியிருக்கிறாள். மெத்தை உறை ஒன்றை மடித்து இரண்டு கையாலும் வீசியிருக்கிறாள்.

இறங்கி, லைன் போடச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க அக்கா வீட்டுக்கு ஏறிப் போனேன். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கட்டிலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, இன்னும் உறையை வீசிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு வலிப்பு வந்து வாய் கோணியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன், இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போல இருந்தது.

எங்கள் ஏணியில்தான் அவரைக் கட்டி இறக்கினோம், இடுப்பு பெல்ட்டால். படி திரும்பும் இடத்தில் நெட்டை சுவரோடு நசுங்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா," என்றான். வாரிய வண்டியில் போட்டோம். வழியில் ஒரு கடையில் ஐஸ் கட்டியைக் கேட்காமலே தூக்கிவந்து அவர் மேல் கொட்டினான்.

பிழைத்தார். உயிர் நின்றது, பேச்சு குழறிப் போனது. இப்போது ஒரு டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் பாதி சட்டையில். கிண்டல் மட்டும் போகவில்லை. ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் அது கிண்டல் என்பது நமக்கு மறந்துவிடும்.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்துதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ரிப்பேர், யூபிஎஸ், பூட்டு, எல்லாம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஒரு குரல் குடுத்திருந்தா இறங்கி வந்திருப்பேனே! ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா இறங்குவ. இறங்கினா வேலை நிக்கும். வேலை முடிஞ்சாத்தானே கரண்ட் வரும்?"

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தம்பி, இன்னொண்ணு. கம்பத்துல ஆள் இருக்கறதப் பார்த்துட்டுத்தான் போட்டேன். வேற எவனோன்னு நெனச்சேன். நீ வாயத் திறக்காம இருந்திருந்தா அணைச்சிருக்க மாட்டேன்."

"அக்கா."

"நெட்டை ஏறியிருந்தா அணைச்சிருக்க மாட்டேன்டா. அந்தப் பையன்தான் இப்ப ஐஸ் தூக்கிட்டு ஓடுறான்." அவள் அழவில்லை. கையிலிருந்த ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் தீர்ந்த பிறகும். "நாளைக்கும் கரண்ட் போகும். நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. அதனாலதான் சொல்றேன். வெட்டுவேன்னியே, வெட்டு."

ஒயரை வெட்டவில்லை. மறுநாள் பேப்பர் கிடங்குக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"சாவி."

"தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாவி குடுத்திருக்க மாட்டேன். ஆனா விசாரிச்சிருப்பேன்." இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அப்புறம் மாடியைப் பார்த்து, "அவர் நல்லாயிருக்காரா?" என்று கேட்டார். ஏறிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். போய்விட்டு வந்தவர் அறைக்குப் பூட்டே போடவில்லை.

அக்கா வீட்டு வாசலுக்குள் ஒரு கைப்பிடி மெயின் வைத்தேன். ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகளில் இருக்குமே, அது. மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே இழுத்தால் மாடிக் கரண்ட். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியே கிடையாது. ரிப்பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாட்டினேன். அவன் ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தான்.

நெட்டையிடமும் சொன்னேன். சொல்லாமல் எப்படி? அவன் பீடியைப் பற்ற வைக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

"நானா இருந்தா அணைச்சிருக்க மாட்டாங்களா?"

"அப்படித்தான் சொன்னா."

பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "எங்க அம்மா கூட அணைச்சிருக்காதுடா, எங்கப்பனுக்குன்னா," என்றான். "ஆனா இனிமே அந்தத் தெருவுல நீயே ஏறு."

நான்தான் ஏறுகிறேன். வெயில் இன்னும் முடியவில்லை. இந்தத் தெருவில் இப்போது இன்னும் நாலைந்து மாடிகளில் பலகைகள் ஏறிவிட்டன. கம்பத்தின் மேலிருந்து பார்த்தால் ஊர் நெடுக அங்கங்கே நீலமாக மின்னுகிறது. எந்தப் பெட்டியில் எந்த ரிப்பேர் கை வைத்திருக்கிறான், எந்தக் கட்டிலில் யார் கிடக்கிறார்கள் என்று மேலிருந்து தெரிவதில்லை. அதனால் இரண்டு பக்கமும் எர்த் பண்ணாமல் ஒயரைத் தொடுவதில்லை. நேரம் பிடிக்கிறது. அந்த நேரமும் எவர் வீட்டிலோ கரண்ட் இல்லாத நேரம்தான்.

நேற்று மறுபடி கரண்ட் போனது. ஏறுவதற்கு முன் போன் போட்டேன்.

"அக்கா, இழுத்துட்டியா?"

"இழுத்துட்டேன்."

"பார்த்தியா?"

"கையிலயே பிடிச்சிட்டிருக்கேன்டா."

ஏறினேன். ஜன்னல் வழியே உள்ளே கூலர் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா சொன்னபடியே கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தாள். அது தானாக மேலே போகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மாமா கட்டிலிலிருந்து ஏதோ குழறினார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. என் கை ஒயரை விட்டு, நான் கீழே இறங்கி, தரையில் கால் வைக்கும்வரை அவள் கண் என் மேலேயே இருந்தது.